ஊரார் சாமான் நிறைந்த வீட்டிலிருந்து

அன்பு மகன் தங்கராசுவுக்கு அம்மா எழுதுவது.

இவ்விடம் யாவரும் நலம் என்று இதற்கு முன் நான் எழுதிய கடிதங்களை நம்பாதே. இவ்விடம் யாரும் நலமில்லை. உன் அப்பா தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். எனக்கு அடுப்படியிலிருந்து வாசல்வரை வருவதற்குள் மூச்சு இரைக்கிறது. உன் தங்கை வள்ளி இந்த வீட்டிலேயே இல்லை. கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் இருக்கும் பிள்ளைக்கு எழுதக்கூடிய விஷயங்களா இவை என்று இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். தாலி கட்டிய கையோடு மருமகளை சிகாமட்டுக்கு அழைத்து வருவதாகவும், ஒரு மாதம் எங்களோடு தங்கப் போவதாகவும், நடு அறையை ஒழித்து வைக்கும்படியும் நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த அறைக்குள் நீங்கள் படுக்க இடம் கிடையாது, ராசா. அதன் கதவு பாதிக்குமேல் திறக்காது.

சென்ற தீபாவளிக்கு நீ வந்தபோது முன் வராந்தாவில்தான் படுத்தாய். காற்றாட இருக்கட்டும் என்று நான் சொன்னதை நம்பினாய். உள்ளே போகும் வழியில் அப்பா என் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டிவிட்டிருந்தார். "உள்ள என்னம்மா இத்தனை மூட்டை?" என்று கேட்டாய். "ஊரார் சாமான்ப்பா" என்று சிரித்து மழுப்பினேன். பிறகு மனசு கேட்காமல், இந்தச் சாமான்களால் எனக்குத் தூக்கமே இல்லை என்று உனக்கு ஒரு முறை எழுதினேன். அதற்கு நீ என்ன பதில் எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்காது. "சாமான்தானே அம்மா. அப்பா குடிக்கிறாரா, சூதாடுகிறாரா? இதற்குப் போய் ஏன் இவ்வளவு சலித்துக்கொள்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தாய். நான் கோபித்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நீ பத்து பாகாட் டவுன் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன கொஞ்ச நாளில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் பால் வெட்டுவதைப் பாதியாக நிறுத்தினார்கள். மிச்ச ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். அப்பா ஆபீஸில் பேர் பதிகிற கிராணி என்பதால், விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, யார் யார் போக வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை அவர் தலையில் விழுந்தது. அவர் முடிவு செய்ததல்ல. ஆனால் அவர் வாயிலிருந்துதான் அந்தப் பெயர்கள் வந்தன. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து காப்பியைக் கையில் வாங்கினால் ஆறிப்போகும்வரை குடிக்க மாட்டார்.

முதலில் வந்தவள் முனியம்மா. உனக்கு அவளைத் தெரியும். ஆற்றோரக் கூலி லயத்தில் இருந்தாளே, புருஷன் பெயர் மாரி, நல்ல உயரமாக இருப்பான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நம் வீடு இருப்பதால், தலையில் தகரப் பெட்டியோடு படியேறி வந்தாள். மாரி ஒரு அம்மிக்கல்லைத் தோளில் சுமந்து பின்னால் வந்தான். "கிராணி ஐயா, கப்பல்ல இவ்ளோ ஏத்த மாட்டாங்களாம். வெல ஏறுனா நாங்க திரும்பி வந்துருவோம். அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்கய்யா" என்றாள். அன்று காலையில்தான் அவர்கள் பெயரை அப்பா கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் எப்படி மாட்டேன் என்று சொல்வார்? "வெச்சுட்டுப் போம்மா. ஒரு துரும்பு அசையாது" என்றார். நானேதான் நடு அறையின் கோடியில் இடம் ஒதுக்கி, பெட்டிக்கு அடியில் பலகை போட்டு வைத்தேன். அவளுக்குக் காப்பி கொடுத்து, கூட வந்த குழந்தைக்கு வெல்லம் கொடுத்து அனுப்பினேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கிராணி ஐயா வீட்டில் வைத்துக்கொள்கிறாராம் என்ற பேச்சு லயம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போகிற ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் யாராவது படியேறினார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட வந்தார்கள். தகரப் பெட்டிகள், கயிற்றுக் கட்டில்கள், உரல், உலக்கை, அண்டா, தொட்டில், நடைவண்டி, சாமி படங்கள், கோழிக்கூடு, திருவிழாவில் அடிக்கிற உறுமி. ஒருவன் தன் லயத்து அறைக்குத் தானே செய்து மாட்டிய கதவையே கழற்றிக்கொண்டு வந்தான். "இத வேற எவனும் தொறக்கக் கூடாதுய்யா" என்று சொல்லி அழுதான். அதையும் அப்பா வாங்கி வைத்தார். நடு அறை நிரம்பியது. பிறகு வள்ளி படுக்கிற அறை. பிறகு நடை. ஜன்னல்களை மறைத்துப் பெட்டிகள் ஏறின. ஒருநாள் பகலில் அரிசி களைய நான் விளக்கேற்ற வேண்டி வந்தது. அப்போதுதான் வீட்டுக்குள் வெளிச்சம் வருவது நின்றுபோயிற்று என்று எனக்கு உறைத்தது.

என் உடம்பு எப்போது கெடத் தொடங்கியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பிடரியில் ஒரு வலி. யாரோ கையை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கிற மாதிரி. தூங்கி எழுந்திருக்கும்போதே அசதியாக இருக்கும். வேலை ஒன்றும் செய்திருக்க மாட்டேன், ஆனால் கண்ணைத் திறந்து அந்தக் குவியல்களைப் பார்த்ததும் ஒரு நாள் வேலை முழுவதையும் செய்து முடித்த களைப்பு வந்துவிடும். தீப்பெட்டியைத் தேடுவேன், கிடைக்காது. கரண்டியைத் தேடுவேன், கிடைக்காது. தேடித் தேடி நெஞ்சு படபடக்கும். வள்ளி பக்கத்தில் வந்து "அம்மா, என் ரிப்பன் எங்கம்மா?" என்று கேட்டால் அவள்மேல் எரிந்து விழுவேன். குழந்தை ரிப்பன் கேட்டது ஒரு குற்றமா? என் குரலை நானே கேட்டு, யார் இந்தப் பொம்பளை இப்படிக் கத்துகிறாள் என்று நினைத்திருக்கிறேன். பெருக்க முடியாத வீட்டில் தூசி எங்கே போகும், சொல்லு. மூட்டைகளுக்கு அடியில் எலி குட்டி போட்டது. அரிசிப் பானையில் எலிப் புழுக்கை கிடந்தது. கரப்பான் வாசனை என் சோற்றிலும் சேலையிலும் ஏறியது. அப்புறம்தான் இழுப்பு வந்தது. படுத்தால் நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி சத்தம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், வயதானவர், குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். "வீட்டில எத்தினை யன்னல் இருக்கு அம்மா?" என்றார். எண்ணிச் சொன்னேன். "அதில எத்தினை திறக்கிறனீங்கள்?" என்றார். ஒன்றையும் திறப்பதில்லை என்றேன். "மருந்து தாறன். குடியுங்கோ. ஆனால் திரும்பவும் அதே தூசிக்குள்ளதானே போய் இருக்கப் போறியள்? வருத்தம் உங்கட நெஞ்சில இல்லை, வீட்டிலதான் இருக்கு" என்றார். நோயைத்தான் அவர்கள் வருத்தம் என்பார்கள். மருந்துப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே காற்று நன்றாக வந்தது. வீட்டுக்குப் போகவே எனக்கு மனசில்லை. உங்களைப் பெற்று வளர்த்து வாழ்ந்த வீட்டுக்குப் போகப் பயந்தேன், தங்கராசு.

அப்பாவிடம் சொல்லாமல் இல்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் இருந்தேன். "ஏங்க, பாதியையாவது குடுத்துருவோம். அவங்க வர மாட்டாங்க" என்பேன். "வர மாட்டாங்கன்னு நீ எப்படிச் சொல்ற? நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்பார். "வாக்கு நீங்க குடுத்தீங்க. மூச்சு எனக்கில்ல போவுது" என்று ஒருநாள் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து போய், ஒவ்வொரு குவியலாகத் தொட்டுப் பார்த்து, இது மாரி வீட்டுது, இது பெரியசாமி வீட்டுது என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார். தினமும் காலையில் அவர் செய்கிற காரியம் அது. பழைய சாமான் வாங்கும் சீனர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் வருவார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் போதும், "தா போலே, தவ்கே! இனி ஓராங் புஞ்ஞா!" என்று, முடியாது முதலாளி, இது பிறத்தியார் சாமான் என்று, அப்பா ஓடிவந்து வழிமறித்து நிற்பார். அவருக்கும் உடம்பு இளைத்துத்தான் போனது. வேலைக்குப் போகும்போது சீட்டியடித்துக்கொண்டே படியிறங்குகிறவர், எப்போது சீட்டியை விட்டார் என்று எனக்கு நினைவில்லை. நெஞ்சைத் தடவிக்கொள்வார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். இந்த வீடு என் ஒருத்தியை மட்டும் நோயாளி ஆக்கவில்லை.

பிறகு வள்ளிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது, அதில் பாயை மடித்துப் போட்டுப் படுப்பாள். காலில் எலி கடித்த அடையாளம் இருந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, உடம்பு நெருப்பாகக் கொதித்து, பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். அதே டாக்டர்தான் பிழைக்க வைத்தார். "இனி அந்த அறையில பிள்ளையைப் படுக்க விடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் வேறு இடம் தேடிப் பார்த்தேன். இல்லை. ஜோகூர் பாருவிலிருந்து உன் அத்தை வந்து அவளைக் கூட்டிப் போனாள். ஸ்டேஷனில் ரயிலேறுகிறபோது வள்ளி என்னிடம், "நம்ம வீட்ல எல்லாருக்கும் எடம் இருக்கு, எனக்குத்தான் இல்லயாம்மா?" என்று கேட்டாள். அவள் வாயாடி, உனக்குத் தெரியும். ஆனால் அப்போது அவள் வாயாடவில்லை. உண்மையிலேயே பதில் தெரியாமல்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் அது காதில் விழுந்தது. அப்படியும் அவர் ஒரு பெட்டியைக்கூட நகர்த்தவில்லை. நகர்த்தினால் தான் உடைந்துபோவோம் என்று பயந்தாரோ என்னவோ.

இப்போது ரப்பர் விலை ஏறி, தோட்டங்களில் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் அல்லவா? ஒருநாள் காலையில் படியில் ஒரு பெண் நின்றாள். கருத்து, மெலிந்து, கழுத்தில் ஒன்றுமில்லாமல். குரலைக் கேட்டுத்தான் முனியம்மா என்று கண்டுகொண்டேன். ஊருக்குப் போன கொஞ்ச காலத்திலேயே மாரி காய்ச்சலில் போய்விட்டானாம். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறியிருக்கிறாள். "அந்தப் பொட்டியில என் கூரப்பொடவயும் அவரு சட்டை ஒண்ணும் இருக்கும்மா. அவரு சட்டைன்னு வேற எதுவும் எங்கிட்ட இல்ல" என்றாள். அப்பாவை நீ அப்போது பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா? வந்தாளா இல்லையா? நான் சொன்னேனா இல்லையா?" என்று என்னைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு அறைக்குள் புகுந்தார்.

முதலில் வந்த பெட்டி அது. அதனால் எல்லாவற்றுக்கும் அடியில், சுவரோரக் கோடியில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க வெளியேயும் இடமில்லை. "ஏங்க, ஆள வெச்சு எடுப்போம்" என்று நான் சொல்லச் சொல்ல, ஒரு கட்டில் காலைப் பிடித்து இழுத்தார். அதன்மேல் இருந்த பெட்டிகள் சரிந்தன. பெட்டிகளுக்குமேல் யாரோ ஒரு உரலை வைத்திருந்தார்கள். அது உருண்டு வந்து அவர் தொடையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் முனியம்மாவும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களால் கதவு வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. கடைசியில் வெளியே போய், சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து, அந்த ஓட்டை வழியாகத்தான் உன் அப்பாவை வெளியே எடுத்தார்கள். தன் சொந்த வீட்டிலிருந்து.

அப்பாவை வண்டியில் ஏற்றிய பிறகு முனியம்மா அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்த் தன் பெட்டியைத் தூக்கினாள். மேல்பாகம் கையோடு வந்தது. அடிப்பாகம் துருப்பிடித்துத் தரையிலேயே நின்றுவிட்டது. நான் வைத்த பலகை வழியாகக் கறையான் ஏறி உள்ளே இருந்தது முழுவதையும் தின்றிருந்தது. சேலை என்று எடுத்தால் மண்ணாக உதிர்ந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் அழவில்லை. அந்தப் பொத்தானைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "போவட்டும்மா. ஐயாவ மொதல்ல பாப்போம், வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பொட்டி கெடச்சிதா?" நான் வாயைத் திறக்கும் முன் முனியம்மா, "கெடச்சிதுங்கய்யா. எல்லாம் அப்படியே இருந்துச்சு" என்றாள். வலியோடு வலியாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் அதனால் என்ன ஆயிற்று, கேள். காலில் கட்டோடு அவரைத் திரும்பக் கொண்டுவந்து, அதே ஓட்டை வழியாக உள்ளே விட்டு, முனியம்மா பெட்டி இருந்த கோடியில் கிடத்தி, மழை வருமென்று பலகைகளை அடித்து மூடினார்கள். படுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. "முனியம்மா வந்துட்டா. இனிமே ஒவ்வொருத்தரா வருவாங்க. எதையும் தொடாத. எடம் மாத்தி வெச்சா எனக்கு அடையாளம் தெரியாது." ஒன்றுக்குப் போக வைக்கிற சட்டியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போக நான் ஒரு அண்டாவைத் தாண்டி, ஒரு கட்டிலின் அடியில் குனிந்து, ஒருக்களித்துப் போக வேண்டும். ஒரு தடவை போய் வந்தால் இழுப்பு நிற்க வெகுநேரமாகும். அவர் முதுகில் புண் வரத் தொடங்கியிருக்கிறது. புரட்டிப் படுக்க வைக்க அந்தப் பக்கம் போய் நிற்க எனக்கு இடமில்லை.

இதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வேன்? போன வாரம் ஒருநாள் மத்தியானம், அடுப்படியில் இருந்த மண்ணெண்ணெய் டின்னைக் கையில் எடுத்தேன். கோபம்கூட இல்லை. மனசு வெறிச்சென்று இருந்தது. எல்லாம் எரிந்து போனால் தரை தெரியும் என்று மட்டும் தோன்றியது. படுக்கையில் ஒரு மனுஷன் கிடக்கிறார் என்பது எனக்கு அந்த நேரம் நினைவில்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? நடையில் திரும்பும்போது டின் ஒரு கட்டில் காலில் இடித்து எண்ணெய் என் சேலையெல்லாம் கொட்டியது. உள்ளேயிருந்து அப்பா, "என்ன வாடை? வெளக்கு கவுந்துருச்சா? உனக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "ஆமா, கவுந்துருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். குளித்து, சேலை மாற்றி, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முனியம்மா பெட்டியைக் கறையான் தின்ற கதையை முழுவதும் சொன்னேன். அந்தப் பொத்தானைப் பற்றியும் சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை. நான் அவரைக் கொன்றேவிட்டேனோ என்று பயந்தேன்.

அதற்குப் பிறகு முனியம்மா அவரைப் பார்க்க வந்தாள். பொய் சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். "நீ எதுக்கும்மா கேக்கணும்? ஒரு துரும்பு அசையாதுன்னு சொன்னவன் நானு" என்றார் அப்பா. பிறகு அவள், "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. லயத்துல ஈரத் தரையில படுக்கிறேன், இடுப்பு விட்டுப்போச்சு. இந்தக் கட்டில்ல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அது பெரியசாமி வீட்டுக் கட்டில். "பெரியசாமி வந்து கேட்டா?" என்றார். "வந்தாருன்னா நான் எந்திரிச்சுக் குடுத்துட்டு மறுபடி தரையில படுத்துக்கிறேன்யா" என்றாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "எடுத்துக்க" என்றார். நாங்கள் இரண்டு பெண்களும் அந்த ஒரு கட்டிலை வெளியே கொண்டுவர ஒரு காலைப்பொழுது ஆயிற்று. கட்டில் நகர்ந்ததும் அதன் பின்னாலிருந்த ஜன்னல் தெரிந்தது. கொக்கி துருவேறிக் கிடந்தது, உலக்கையால் தட்டித் திறந்தேன். காற்று நேரே அவர் முகத்தில் பட்டது. தலையை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். நான் தலையணையைத் திருப்பி வைத்துவிட்டு வருவதற்குள் தூங்கிப்போனார். விழித்ததும் முனியம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "லயத்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு என்னென்ன இல்லன்னு கேட்டுட்டு வா" என்றார்.

அவர் மனசு இளகியிருக்கிறது, தங்கராசு. எத்தனை நாளைக்கு இளகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. உடம்பு தேறியதும் மறுபடி இறுகிவிடலாம். எங்களால் இதைச் செய்ய முடியாது. முனியம்மாவுக்கு வேலை இருக்கிறது, எனக்கு மூச்சு இல்லை. கடை முதலாளியிடம் கல்யாணத்துக்காகச் சொல்லி வைத்திருக்கும் லீவை இப்போதே கேள். பலசாலி நண்பர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஏறி வா. வந்ததும் அவரிடம் வீட்டைக் குப்பை என்று சொல்லிவிடாதே. ஒவ்வொரு பொருளும் யார் வீட்டுது என்று அவரிடம் கேள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று கேள். அப்படிக் கேட்டால் கொடுப்பார். மருமகளுக்கும் இந்த விஷயங்களை மறைக்காமல் சொல். நாளைக்கு உன் குடித்தனத்தில் அவள் ஒருநாள், "வீடு அடைசலா இருக்குங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொன்னால், எனக்கு எழுதிய பதிலை அவளுக்குச் சொல்லாதே. வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, அவளோடு சேர்ந்து ஒரு மூட்டையை வெளியே தூக்கிப் போடு. அவள் சொல்வது வீட்டைப் பற்றி மட்டும் அல்ல, தன் உடம்பைப் பற்றியும்தான்.

நேற்றிலிருந்து மழை விடவில்லை. ஆறு செம்மண் நிறமாகிவிட்டது. பக்கத்து வீட்டார் அரிசியையும் துணிகளையும் பரணில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்தால் நான் எப்படியாவது வெளியே போய்விடுவேன். உன் அப்பாவால் எழுந்து நிற்க முடியாது. படுக்கையோடு அவரைத் தூக்கிக்கொண்டு போக இந்த வீட்டில் இன்னும் வழி இல்லை. இன்று காலை நானே ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்தேன், பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. இதை எழுதிய கையோடு தபாலாபீசுக்குப் போகிறேன். இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, ராசா. கிளம்பி வா.

உன் அம்மா